பில்லில் ஏறிய கரி, அறிக்கையில் இறங்கிய கரி

என் அம்மா ஒரு மரம் நட்டார். அது நடந்து பதினைந்து ஆண்டுகள் இருக்கும். செனாவாங் தொழிற்பேட்டையில் மின்னணுப் பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் அப்போது ஆபரேட்டர். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏற வந்தவர்களை நிறுத்தி, ஆளுக்கொரு பச்சைச் சட்டையும் ஒரு கன்றும் கொடுத்தார்களாம். பூமியைக் காப்போம் என்று அந்தச் சட்டையில் எழுதியிருந்தது. குழி ஏற்கெனவே தோண்டி வைக்கப்பட்டிருந்தது. கன்றை வைத்து மண்ணைத் தள்ளிப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மணி பத்தரை. ஓ.டி. கணக்கில் அந்த இரண்டு மணி நேரம் சேரவில்லை.

அன்று அம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. "அந்த எடத்துல இருந்த பால்மரத்தையெல்லாம் ஒங்க பாட்டிதான் சீவிக்கிட்டு இருந்துச்சு. அத வெட்டிட்டுத்தான் கம்பெனி கட்டுனாங்க. இப்ப கம்பெனி நம்மளயே மரம் நடச் சொல்லுது." இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சில ஆண்டுகள் கழித்து மோட்டார்சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பெரிதாக்கியபோது அந்த மரங்களை எடுத்துவிட்டார்கள். பச்சைச் சட்டை மட்டும் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, மோட்டார்சைக்கிள் துடைக்க.

இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது இதைத்தான் எழுதப் போகிறேன் என்று ஆசிரியர் குழு நண்பரிடம் சொன்னேன். "கரிம வெளியீடெல்லாம் ஆங்கிலத்தில் எழுத ஆள் இருக்கிறார்கள். நாம் நம் பிரச்சனையை எழுதுவோமே," என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நம் மலர்களில் தோட்டப் பள்ளி, வேலையின்மை, தமிழின் நிலை ஆகியவைதாம் வழக்கமாக இடம்பெறும். ஆனால் இதுவும் நம் பிரச்சனைதான் என்பதே என் வாதம். செனாவாங்கில் பிறந்தவர்களுக்கு இதைவிட நெருக்கமான விஷயம் அதிகமில்லை.

ஊரை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செனாவாங் சிரம்பானுக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்பேட்டைகளாகவும் தாமான்களாகவும் மாறிய வரலாற்றை அங்கே ஒரு மணி நேரம் சுற்றினாலே கண்ணால் படித்துவிடலாம். தோட்டத்து மக்கள் லயத்தை விட்டு மலிவு வீடுகளுக்கு வந்தார்கள். பெண்கள் பால் வாளியை வைத்துவிட்டு நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்தார்கள். உலகத்தின் வானொலி, தொலைபேசி, மோட்டார் வண்டி எல்லாவற்றுக்குள்ளும் எங்கள் ஊர்ப் பெண்களின் கைபட்ட சில்லுகள் போய்க்கொண்டிருக்கின்றன. மோட்டோரோலா தன் அரைக்கடத்திப் பிரிவு ஒன்றை 1999இல் தனியே பிரித்துவிட்டபோது பிறந்த ஆன் செமிகண்டக்டர் நிறுவனத்தின் ஆலை செனாவாங் தொழிற்பேட்டையில்தான் இருக்கிறது. பக்கத்திலேயே சுங்கை காடுட்டில், துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டையில், சாம்சுங் எஸ்.டி.ஐ. நிறுவனம் தொலைக்காட்சிப் படக்குழாய் செய்துகொண்டிருந்தது. படக்குழாயின் காலம் முடிந்ததும் 2012 முதல் அது பேட்டரி செய்யும் ஆலையாக மாறியது. 2022இல் அங்கேயே இரண்டாவது ஆலைக்கு அடிக்கல் நாட்டி, 2025க்குள் 1.7 டிரில்லியன் வோன் போடப் போவதாக அறிவித்தார்கள்.

இவ்விரு நிறுவனங்களும் காலநிலை பற்றி வாக்குக் கொடுத்திருக்கின்றன. ஆன் செமிகண்டக்டர் 2040க்குள் நிகர சுழியம் என்று 2021இல் சொன்னது. சாம்சுங் எஸ்.டி.ஐ. 2022இல் 2050ஐக் குறித்தது. அதோடு முழு மின்சாரத்தையும் புதுப்பிக்கத்தக்க வழியில் பெறுவோம் என்ற ஆர்.இ.100 கூட்டமைப்பிலும் சேர்ந்தது. நிகர சுழியம் என்றால் வெளியேற்றும் கரியும் உறிஞ்சப்படும் கரியும் சரிக்குச் சரி ஆவது. வாக்குக் கொடுத்ததைக் குறை சொல்லமாட்டேன். கொடுக்காமல் இருப்பதைவிட அது மேல். அந்த வாக்கை எப்படி எண்ணுகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

அந்தச் சந்தேகம் வந்த விதத்தைச் சொல்லவேண்டும். பொறியியல் மாணவி என்ற முறையில் 2024இல் நான் ஆறு மாதத் தொழிற்பயிற்சிக்குப் போனேன். எங்கே என்று எழுதப் போவதில்லை. மேலே சொன்ன இரண்டு நிறுவனங்களும் அல்ல என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கொடுத்த வேலை மின்சார பில்களைக் கணினியில் ஏற்றுவது. மாதத்துக்கு ஒரு பில், மூன்று ஆண்டு பில்கள். தட்டச்சு செய்யச் செய்ய ஒன்று தெரிந்தது. யூனிட் கணக்கு ஆண்டுக்காண்டு ஏறியிருந்தது. புதிய இயந்திரங்கள் வந்திருக்கின்றன, ஏறத்தானே செய்யும். ஆனால் அதே ஆலையின் அறிக்கையில், வழவழப்பான தாளில், இலைப் படம் போட்ட பக்கத்தில், கரிம வெளியீடு பாதிக்கு மேல் இறங்கியிருந்தது.

என்னை மேற்பார்த்த அண்ணனிடம் கேட்டேன். அவரும் தோட்டத்துப் பிள்ளை, ரந்தாவ் பக்கம். "சான்றிதழ் வாங்கிட்டோம்மா," என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். ஒரு நிறுவனம் தன் கணக்கை மூன்று வட்டமாகப் பிரிக்கும். ஸ்கோப் ஒன்று என்பது தன் கூரைக்குள்ளேயே எரிப்பதும் வெளியே விடுவதும். தோட்டத்தில் ரப்பர் ஷீட்டை உலர்த்த விறகு எரித்த புகைவீடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப் இரண்டு, வாங்கும் மின்சாரம். ஸ்கோப் மூன்று, மற்ற அத்தனையும்: வாங்கும் மூலப்பொருள், கப்பல், விற்ற பொருளைப் பிறர் பயன்படுத்துவது வரை. இதில் ஸ்கோப் இரண்டுக்கு இரண்டு பத்தி உண்டு. ஒரு பத்தியில், அந்த வட்டாரத்து மின்கம்பியில் உண்மையில் ஓடும் மின்சாரத்தின் கரியை எழுதவேண்டும். இன்னொரு பத்தியில், பசுமை மின்சாரத்துக்காகப் போட்ட ஒப்பந்தத்தையும் வாங்கிய சான்றிதழையும் கழித்துக்கொண்டு எழுதலாம். உலகம் பின்பற்றும் கணக்கு முறையே 2015 முதல் இரண்டையும் காட்டச் சொல்கிறது. காட்டுகிறார்கள்தான். ஆனால் முதல் பத்தி பின்னிணைப்பில் பொடி எழுத்தில் இருக்கிறது, இரண்டாம் பத்தி இலைப் படத்தோடு முன்பக்கத்தில்.

தீபகற்பத்து மின்கம்பியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஒரு மில்லியன் யூனிட் இழுக்கும் ஆலைக்கு 750 டன் என்று கணக்கு வரும். 2022இல் அரசாங்கம் பசுமை மின்கட்டணத் திட்டத்தைத் தொடங்கியபோது, யூனிட்டுக்கு 3.7 சென் கூடுதலாகக் கட்டினால் அந்த யூனிட் பசுமை என்று எழுதிக்கொள்ளலாம் என்றானது. கட்டணம் பிறகு மாறியது, அது வேறு கதை. அந்தத் தொடக்கக் கட்டணத்தின்படி 37,000 வெள்ளி கட்டினால் 750 டன் இரண்டாம் பத்தியில் சுழியமாகிவிடும். அந்தப் பசுமை மின்சாரம் எங்கிருந்து வருகிறது? சூரிய ஒளிப் பண்ணைகளிலிருந்தும் நீர்மின் அணைகளிலிருந்தும். அணைகளில் பல நாங்கள் பிறக்கும் முன்பே ஓடிக்கொண்டிருப்பவை. பழைய அணையின் பசுமையை ஒருவர் பேரில் எழுதிவிட்டால் புதிதாக ஒரு கிலோ நிலக்கரியாவது எரியாமல் நிற்குமா?

நிலக்கரி தூரத்தில் எரியவில்லை. செனாவாங்கிலிருந்து முக்கால் மணி நேரம் கார் ஓட்டினால் லுக்குட், போர்ட்டிக்சன். அங்கே கடலோரத்தில் ஜிமா அனல்மின் நிலையம் 2009 முதல் 1,400 மெகாவாட் அளவில் இயங்குகிறது. பக்கத்திலேயே 2019இல் ஜிமா கிழக்கு வந்தது, அது 2,000 மெகாவாட். நிலக்கரி பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போர்ட்டிக்சனுக்கு மீகூன் கட்டிக்கொண்டு போகும் எங்கள் ஊர் மக்கள் எத்தனை பேர் இதை யோசித்திருப்பார்கள்? நானே பயிற்சிக்குப் போகும்வரை யோசித்ததில்லை.

ஆண்டுகளை அடுக்கிப் பாருங்கள். நிலக்கரியை 2044க்குள் முற்றாகக் கைவிடப்போவதாக அரசாங்கம் சொல்லியிருக்கிறது. நாட்டின் நிகர சுழிய இலக்கு 2050. நாட்டுக்கு முன்பே, அதே மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் எந்த நிறுவனமும் சுழியத்துக்கு வருகிறேன் என்றால், நடுவில் இருக்கும் ஆண்டுகளை எதைக் கொண்டு நிரப்பும் என்று கேட்கவேண்டுமா, இல்லையா? கூரையில் சூரியத் தகடு போடலாம். புதிதாகக் கட்டப்படும் ஒரு சூரியப் பண்ணையோடு நேரடியாக ஒப்பந்தம் போடலாம். 2024இல் அதற்கும் அரசாங்கம் வழி திறந்துவிட்டது. இவை மெய்யான வேலை. சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது கணக்கு வேலை. அறிக்கையில் இரண்டும் ஒரே பச்சை நிறத்தில்தான் அச்சாகின்றன.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். சில்லுத் தொழிலுக்கு மெய்யாகக் குறைத்த வரலாறும் உண்டு. சிலிக்கன் தட்டில் கோடு செதுக்குவதற்கும் இயந்திர அறையைச் சுத்தம் செய்வதற்கும் ஃபுளோரின் சேர்ந்த வாயுக்களைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் ஒன்றான கார்பன் டெட்ராஃபுளோரைடு கரியமில வாயுவைவிட ஆறாயிரம் மடங்குக்கும் அதிகமாகச் சூட்டைப் பிடித்து வைக்கும். ஒருமுறை வெளியே போனால் ஐம்பதாயிரம் ஆண்டு காற்றில் இருக்கும். சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு இருபதாயிரம் மடங்கையும் தாண்டும். 1999இல் உலக அரைக்கடத்தி மன்றம் இவ்வகை வாயுக்களை 1995 அளவிலிருந்து 10 விழுக்காடு குறைப்பதாக, 2010ஐக் கெடுவாக வைத்து, ஒப்புக்கொண்டது. கெடு வந்தபோது 32 விழுக்காடு குறைந்ததாக அறிவித்தார்கள். வேறு வாயுவுக்கு மாறினார்கள், வெளியேறும் குழாயில் எரித்து அழிக்கும் கருவியைப் பூட்டினார்கள். சான்றிதழ் வாங்கி வந்த குறைப்பு அன்று அது. தொழிற்சாலைக்குள் பொறியாளர்கள் இறங்கி வேலை செய்ததால் வந்தது. நம் மாணவர்கள் அந்த மாதிரி வேலைக்குத்தான் போகவேண்டும் என்பது என் ஆசை. பில் தட்டச்சு செய்வதற்கு அல்ல.

சரி, அவர்கள் செய்கிறார்கள், நாம் என்ன செய்கிறோம் என்று கேட்கலாம். கைப்பேசி வாங்குகிறோம். ஆப்பிள் நிறுவனமே வெளியிடும் கணக்கின்படி, அண்மைக்கால ஐபோன் ஒன்றின் வாழ்நாள் கரி அறுபது கிலோவை ஒட்டி வரும். அதில் ஐந்தில் நான்கு பங்கு ஏறக்குறைய செய்யும்போதே வெளியாகிவிடுகிறது. நாம் தினமும் சார்ஜ் போடுவதெல்லாம் சொற்பம். ஆக, கைப்பேசியின் கரி அதை வைத்திருப்பவன் ஊரில் பெரும்பாலும் இல்லை. பாகங்களைச் செய்கிற ஊரில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு மேடையில் விளக்கு எரிகிறது, புகைபோக்கி ஆசியாவில் எரிகிறது. அதனால்தான் அந்த நிறுவனம் 2020இல், 2030க்குள் முழு விநியோகச் சங்கிலியும் சேர்த்துக் கரிச் சமநிலை என்று வாக்குக் கொடுத்து, பொருள் தரும் ஆலைகளையும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மாறச் சொல்லி நெருக்குகிறது. அந்த நெருக்குதல் நல்லதுதான். எங்கள் ஊர் மேலாளர்கள் அரசாங்கம் சொன்னால் தள்ளிப்போடுவார்கள், வாடிக்கையாளர் சொன்னால் மறுநாளே கூட்டம் போடுவார்கள்.

ஆனால் அங்கேயும் ஒரு மரம் வந்து நிற்கிறது. 2023 செப்டம்பரில் ஆப்பிள் தன் கைக்கடிகாரத்தின் சில வகைகளைக் கரிச் சமநிலை அடைந்த பொருள் என்று விற்றது. குறைக்க முடியாமல் மிஞ்சிய கரிக்கு ஈடாகத் தென்னமெரிக்காவில், பராகுவே நாட்டில், யூகலிப்டஸ் மரத் தோட்டத்தைக் காட்டியது. ஜெர்மனியில் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது. 2025 ஆகஸ்ட்டில் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் அந்த விளம்பரம் வாங்குவோரைத் தவறாக எண்ணவைக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. காரணம் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அந்தத் தோட்டத்து நிலத்தில் முக்கால் பங்குக்குக் குத்தகை 2029 வரைதான். அதன் பிறகு மரம் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அம்மாவிடம் சொன்னேன். "இதுக்குக் கோர்ட்டுக்குப் போகணுமா? பாட்டியக் கேட்டிருந்தா சொல்லியிருக்கும்," என்றார்.

பாட்டி சொல்லியிருப்பார்தான். தோட்டத்து மரம் எத்தனை நாள் நிற்கும் என்று நம் இனத்துக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. ரப்பர் கன்று நட்டு ஐந்தாறு ஆண்டில் வெட்டுக்கு வரும். இருபத்தைந்து, முப்பது ஆண்டில் பால் குறையும், வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். விலை சரிந்தால் அதுகூட இல்லை, செம்பனை வரும். நிலத்தின் விலை ஏறினால் செம்பனையும் போய் தாமான் வரும். மரம் நிற்பதா விழுவதா என்பதை அதைச் சீவியவனும் முடிவு செய்ததில்லை, மரமும் முடிவு செய்ததில்லை. யார் பெயரில் கிராண்ட் இருந்ததோ அவர் முடிவு செய்தார். ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக் கிளம்பியபோது லயங்கள் காலியானதும், அந்தக் கொடுமைக்கு மாற்றாகத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் சேமிப்பிலேயே தோட்டங்களை வாங்கியதும் நாம் அறிந்ததுதானே. நிலம் கையில் இல்லாவிட்டால் மரமும் கையில் இல்லை, அது கற்பித்தது இவ்வளவுதான். காற்றில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும் கரிக்கு, 2029இல் குத்தகை முடியும் மரத்தை ஈடாக வைத்தால் எங்கள் தோட்டத்துக் கிராணிகூட அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டிருக்கமாட்டார்.

பராகுவேயில் அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள், மரம் வெட்டியதும் எங்கே போவார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். இது கட்டுரைக்கு வெளியே போகிற கேள்வி. இருந்தாலும் தோன்றுகிறது.

இதையெல்லாம் வீட்டில் பேசினால் என் மாமா ஒத்துக்கொள்வதில்லை. "ஏம்மா, நீ பாட்டுக்கு எழுதிடுவே. கம்பெனிக்காரன் வியட்நாமுக்குப் போயிட்டான்னா இங்க இருக்குறவன் சோத்துக்கு என்ன பண்ணுவான்?" என்பார். மாமாவின் வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆலைகள் மூடியதைப் பார்த்த தலைமுறை அது. தோட்டமும் போய் ஆலையும் போனால் என்ன மிஞ்சும் என்று தெரிந்தவர்கள். ஆனால் அவரிடம் நான் சொல்வது வேறு. உலகத்து வாடிக்கையாளர்கள் இனிச் சுத்தமான மின்சாரத்தில் செய்த சில்லைத்தான் கேட்கப்போகிறார்கள். சான்றிதழை நம்பி உட்கார்ந்திருக்கிற ஊரைவிட, கூரையில் தகடும் மெய்யான ஒப்பந்தமும் வைத்திருக்கிற ஊரில்தான் வேலை நிலைக்கும். ஃபிராங்க்ஃபர்ட் தீர்ப்பு மாதிரி இன்னும் நாலு தீர்ப்பு வந்தால் காகிதக் கணக்கு செல்லாக் காசாகிவிடும். அன்றைக்கு முதலில் வேலை இழக்கப்போவது மேலாளரா, ஆபரேட்டரா? மாமா பதில் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஆகவே நண்பர்களே, வேலைவாய்ப்புச் சந்தைக்கு இந்த நிறுவனங்கள் வளாகத்துக்கு வருகின்றன. பேனா கொடுக்கிறார்கள், துணிப்பை கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு ஒரு கேள்வியும் கேளுங்கள். உங்கள் உலகளாவிய அறிக்கை இருக்கட்டும், மலேசியாவில் இருக்கும் இந்த ஆலை போன ஆண்டு எத்தனை யூனிட் மின்சாரம் எடுத்தது? சான்றிதழைக் கழிக்காத முதல் பத்தியில் எத்தனை டன்? அதில் எவ்வளவு புதிதாகக் கட்டிய சூரியப் பண்ணையிலிருந்து வந்தது? இதைக் கேட்டால் வேலை கிடைக்காது என்று பயப்படவேண்டாம். எனக்குத் தெரிந்தவரை, கேட்கிற மாணவனை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். நான் பயிற்சியில் இருந்தபோது அந்த அண்ணனிடம் தனியாகக் கேட்டேனே தவிர, கடைசி நாள் விளக்கக்கூட்டத்தில் மேலாளர்கள் முன்னால் வாய் திறக்கவில்லை. இலைப் படம் போட்ட அதே வரைபடத்தை என் கையாலேயே திரையில் காட்டினேன். கைதட்டினார்கள். நல்ல மதிப்பெண் கிடைத்தது. அந்த மதிப்பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் பச்சைச் சட்டை நினைவுக்கு வருகிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே புகைப்படத்துக்குத்தான் நின்றிருக்கிறோம்.

இந்தத் தவணை எங்கள் புலத்துக்கு ஒரு நிறுவனம் வந்தபோது எழுந்து கேட்டுவிட்டேன். பேச வந்த அம்மையார் நல்லவர். குறித்துக்கொண்டார். ஆலை வாரியான கணக்கு தன்னிடம் இல்லை, தலைமையகத்தில் கேட்டு மின்னஞ்சலில் அனுப்புகிறேன் என்றார். ஏழு வாரமாகிறது. பதில் வந்தால் அடுத்த ஆண்டு மலரில் எழுதுகிறேன். வராவிட்டாலும் எழுதுகிறேன்.